இழுப்பறையில் உறங்கும் காதுகள்

நம் வீடுகளில் மேஜை இழுப்பறை என்று ஒன்று உண்டே, அதைப் போலக் கருணை மிகுந்த ஸ்தாபனம் உலகத்தில் வேறு இல்லை. கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடி, ஓடாத கைக்கடிகாரம், எந்தப் பூட்டுக்கு உரியது என்று எவருக்கும் தெரியாத சாவி, மூடி தொலைந்த பேனா ஆகிய எல்லாவற்றுக்கும் அது அடைக்கலம் தருகிறது. சில காலமாக அந்தக் கூட்டத்தில் புதிதாக ஓர் அகதியும் வந்து சேர்ந்திருக்கிறது. சின்னஞ்சிறு டப்பி, டப்பிக்குள்ளே அவரைக் கொட்டை பருமனில் ஒரு யந்திரம். அதுதான் காது கேட்கும் கருவி. வீட்டுப் பாஷையில் சொன்னால் 'காது மெஷின்'.

ஓடாத கடிகாரம் இழுப்பறைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. இதுவோ நன்றாக வேலை செய்யக் கூடிய கருவி. பிள்ளையோ பெண்ணோ பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தது. முதல் நாள் அப்பா அதை அணிந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்தார், வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று, "கேட்கிறதா? கேட்கிறதா?" என்று விசாரித்தார்கள். இரண்டாம் நாள் அரை மணி நேரம் அணிந்தார். மூன்றாம் நாள் டப்பி திறக்கப்படவில்லை. "அப்பா, மெஷினை ஏன் மாட்டிக்கொள்ளவில்லை?" என்று கேட்டால், "வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்? வெளியே போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வெளியே கிளம்பும்போது கேட்டால், "ரோட்டிலே ஒரே இரைச்சல் அம்மா, வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்கிறேன்" என்கிறார். இப்படியாக வீட்டுக்கும் வெளிக்கும் நடுவே அந்தக் கருவி நிரந்தரமாகச் சமாதி அடைந்துவிடுகிறது.

இதைப் பிடிவாதம் என்று வீட்டார் சொல்கிறார்கள். வயோதிகப் பிடிவாதம் கொஞ்சம் இருக்கலாம். இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் காரணம் அதுவன்று. அந்தப் பெரியவரின் காதுக்குள்ளும் மூளைக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதை அவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை, நமக்கும் சொல்லவில்லை. ஆகவே அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

காதின் உட்பகுதியில் நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. காக்ளியா என்பது அதன் பெயர். அதிலே மிக நுண்ணிய ரோமங்களை உடைய உயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. ஒலியினால் உண்டாகும் அசைவை மின்சார சமிக்ஞையாக்கி நரம்புக்குக் கொடுப்பவை அவைதாம். தார ஸ்தாயி ஒலிகளுக்கு உரிய அணுக்கள் நத்தைக் கூட்டின் வாசலை ஒட்டியும், மந்தர ஸ்தாயிக்கு உரியவை உள்ளே நுனியிலும் அமைந்திருக்கின்றன. முதுமையினாலும் இரைச்சலினாலும் முதலில் பழுதாகிறவை பெரும்பாலும் வாசலில் இருப்பவையே. மனிதருக்கு இந்த அணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கச்சேரியிலே உட்கார்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் ஜோராகக் கேட்கும். ஜால்ராவின் கிணுகிணுப்பு மாத்திரம் கேட்காது.

இதன் விளைவு பேச்சிலே எப்படி வருகிறது என்பதுதான் வேடிக்கை. நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தார்கள் அல்லவா? பேச்சில் பலமாக ஒலிப்பவை உயிரெழுத்துக்கள். அவை தாழ்ந்த ஸ்தாயியில் கணீரென்று வருபவை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் க, ச, த, ப முதலிய ஒலிகளோ மெல்லிய காற்றொலிகள். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறது. பெயரில்தான் வல்லினம், காது மந்தமானவரிடம் முதலில் தோற்று ஓடுவது அதுவே. உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை.

காலையில் பேத்தி வாசலிலிருந்து, "தாத்தா, பால் வந்தாச்சு!" என்று கூவுகிறாள். தாத்தாவின் காதில் பகரம் விழவில்லை. "ஆள் வந்தாச்சு" என்று கேட்கிறது. "எந்த ஆள் அம்மா? உள்ளே வந்து உட்காரச் சொல்லு!" என்கிறார். பேத்தி சிரிக்கிறாள். சமையலறையில் இருக்கும் மருமகள் சிரிக்கிறாள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தாத்தாவுக்குத் தெரியாது. தம்மைப் பார்த்துத்தான் என்பது மட்டும் தெரியும். இதே காரியம் நாளுக்குப் பத்து முறை, வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் நடந்தால், எப்பேர்ப்பட்ட உற்சாகமுள்ள மனிதரும் வாசல் திண்ணையில் ஒதுங்கிவிடுவார்.

"எனக்குக் காது நன்றாய்த்தான் கேட்கிறது, நீங்கள்தான் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறீர்கள்" என்று பெரியவர்கள் கோபிப்பதும் பொய்க் கோபமன்று. சத்தம் அவர் காதில் உண்மையாகவே விழுகிறது. தெளிவுதான் விழவில்லை. இந்த நஷ்டம் ஒரே நாளில் வருவதுமில்லை. பத்துப் பதினைந்து வருஷமாக, உள்ளங்கையிலிருந்து மணல் நழுவுவது போல் ஓசைகள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. மின்விசிறியின் ஓசை போயிற்று. செருப்பின் சரசரப்பு போயிற்று. காகிதம் புரளும் ஓசை, குழாய் சொட்டும் ஓசை, தூரத்துக் குயில் எல்லாம் போயின. போனதே அவருக்குத் தெரியாது. மூளை அந்த நிசப்தத்தையே இயற்கை என்று எடுத்துக்கொண்டு சௌக்கியமாக இருந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் காதில் ஒருநாள் கருவியை மாட்டினால் என்ன ஆகும்? பதினைந்து வருஷத்து ஓசைகள் அத்தனையும் ஒரே நிமிஷத்தில் திரும்பி வருகின்றன. மின்விசிறி ஆகாய விமானம் போல் இரைகிறது. பத்திரிகையைப் புரட்டினால் பட்டாசு வெடிக்கிறது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று கீழே விழுந்தால் தேகமே நடுங்குகிறது. நாம் எல்லாரும் இதே ஓசைகளுக்கு நடுவில்தான் வாழ்கிறோம். ஆனால் நம் மூளை, "இது விசிறி, இது குழாய், இவற்றைக் கவனிக்க வேண்டாம்" என்று ஒதுக்கப் பழகியிருக்கிறது. பெரியவருடைய மூளை அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டது. மறுபடி கற்க வேண்டும். சிலருக்குச் சில வாரங்களில் அந்தப் படிப்பு முடிந்துவிடும். சிலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கே போகாதவன் எப்படிப் படிப்பது? இழுப்பறையில் கிடக்கும் கருவி எந்தப் பாடத்தையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மூக்குக் கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம் என்பது என் அபிப்பிராயம். கண்ணாடியை மாட்டிய மாத்திரத்தில் எழுத்துப் பளிச்சென்று தெரிகிறது. காதுக் கருவியும் அப்படியே செய்யும் என்று எதிர்பார்க்கிறோம். அது அநியாயமான எதிர்பார்ப்பு. கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவன் கைத்தடியை ஊன்றி நடை பழகுகிறானே, அதுதான் சரியான உவமை.

இன்னொரு புகாரும் உண்டு. "என் குரலே எனக்கு அண்டாவுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது" என்பார்கள். நேயர்கள் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஈ" என்று நீட்டிச் சொல்லிப் பார்க்கலாம். எலும்பு வழியாகக் காதுத் துவாரத்துக்கு வரும் சொந்தக் குரல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே முழங்குகிறது. கருவியின் முனை காதை இறுக அடைத்தாலும் இதே கதிதான். இதற்குப் பரிகாரம் உண்டு. முனையிலே சிறு துவாரம் விடலாம். அல்லது திறந்த அமைப்புள்ள வேறு முனையைப் பொருத்தலாம். கேட்கும் சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்து ஆடியாலஜிஸ்ட் முடிவு செய்வார். ஆனால் அவரிடம் போய்ச் சொன்னால்தானே? நம்மவர்கள் அவரிடம் சொல்வதில்லை, இழுப்பறையிடம் சொல்லிவிடுகிறார்கள்.

சிரமம் இருக்கட்டும், வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன மருந்து? கண்ணாடி அணிந்தவனைப் பார்த்துப் படித்தவன் என்று மரியாதை செய்கிறோம். காதிலே கருவி அணிந்தவனைப் பார்த்தால் கிழவன் என்று தீர்மானித்துவிடுகிறோம். நம் நாடகங்களும் சினிமாக்களும் இந்தப் பாவத்தில் பெரும் பங்கு கொண்டவை. ஹாஸ்யம் வற்றிப்போன இடத்தில் எல்லாம் ஒரு செவிட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள். கேள்வி என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் பாஷையிலா இந்தப் பரிகாசம் என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த வெட்கத்தைப் பற்றி மிகவும் நேர்மையாக எழுதியவர் ஒரு ஸ்திரீ. இங்கிலாந்தில் நார்விச் நகரில் 1802-ஆம் ஆண்டில் பிறந்த ஹாரியெட் மார்ட்டினோ என்பவர் அவர். சிறு பிராயத்திலேயே காது மந்தமாகத் தொடங்கி, இருபது வயதுக்குள் நன்றாகவே கேளாமற் போயிற்று. அந்தக் காலத்தில் மின்சாரக் கருவி ஏது? ஊதுகொம்பு போன்ற ஒரு குழாய்தான் இருந்தது. குறுகிய முனையைக் காதில் வைத்துக்கொண்டு அகன்ற முனையைப் பேசுகிறவர் பக்கம் நீட்ட வேண்டும். ஒரு சபையில் அதை எடுத்து நீட்டினால் அத்தனை கண்களும் அங்கேதான் திரும்பும். பொருளாதாரத்தைக் கதைகளாக எழுதிப் பிரசித்தி பெற்றுக் கொண்டிருந்த அந்த அம்மையார், 1834-ஆம் ஆண்டில் தம்மைப் போன்ற செவிப்புலன் குறைந்தவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். போலி வெட்கத்தை விட்டுக் குழாயைக் கையில் எடுங்கள் என்பது அதில் அவர் கூறிய முக்கியமான யோசனைகளில் ஒன்று. குறையை மறைக்கப் படும் பாடு குறையைவிடப் பெரிது என்பதை அனுபவித்து அறிந்து எழுதியவர் அவர்.

எழுதியதோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் குழாயும் கையுமாகக் கப்பலேறி அமெரிக்கா சென்று, 1836 வரை அந்தத் தேசத்தில் சுற்றி, அடிமை முறையைக் கண்டித்து, தாம் கண்டதையும் கேட்டதையும் பெரிய புத்தகமாக 1837-ல் வெளியிட்டார். காது கேளாதவர் ஒரு தேசத்தைப் பற்றி எப்படி எழுதலாம் என்று யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று எதிர்பார்த்து, அதற்கும் அந்தப் புத்தகத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார். குழாயை நீட்டியதும் ஜனங்கள் தம் அருகில் வந்து தனித்தனியே மனம் விட்டுப் பேசினார்கள் என்றும், கூட்டத்தில் பொதுவாகப் பேசப்படும் பேச்சை இழந்தாலும் இந்தத் தனிப் பேச்சினால் தமக்கு லாபமே என்றும் சொல்கிறார். அம்மையாரின் குழாயோடு ஒப்பிட்டால் இன்றைய கருவி சில கிராம் எடைதான். காது மடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதற்கே நாம் இவ்வளவு கூச்சப்படுகிறோம்!

வேறு விதமான உதாரணமும் சரித்திரத்தில் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தின் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் விருத்தாப்பியத்தில் காது மந்தமாயிற்று. கருவி கொடுத்தார்கள், அதை அணிவதில் அவருக்குச் சற்றும் பிரியமில்லை. இந்தியாவின் குரலைக் கேட்க மறுத்து நெடுங்காலம் பழகிய செவிகள் அவை. கருவிக்கு மட்டும் எளிதில் இணங்குமா? அமெரிக்க ஜனாதிபதி ரொனால்டு ரேகன் 1983-ல் காதில் கருவியோடு பகிரங்கமாகத் தோன்றினார். அதன் பிறகு அந்த நாட்டில் காதுக் கருவி விற்பனையே உயர்ந்துவிட்டது. வெட்கம் என்பது தொற்று வியாதி போலவே தைரியமும் தொற்றக் கூடியதுதான்.

இப்போது, கருவியை அணியப் பழகுவது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஓர் அருமையான முன்மாதிரி இருக்கிறது. அதே யுத்தத்தில் பீரங்கி வெடியினாலும் வேறு காரணங்களாலும் செவியிழந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக் கணக்கில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கென்று அந்நாட்டு ராணுவம் மூன்று ஆஸ்பத்திரிகளை ஒதுக்கியது. அவற்றுள் ஒன்று பென்ஸில்வேனியா மாகாணத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த டெஷான் ஆஸ்பத்திரி. அங்கே 1944 முதல் ரேமண்ட் கார்ஹார்ட் என்ற அறிஞர் பணியாற்றினார். ஆடியாலஜி என்று இன்று நாம் அழைக்கும் சாஸ்திரம் உருவான இடங்களில் அது முக்கியமானது. அங்கே சிப்பாயின் கையில் கருவியைத் திணித்து, "போய் வா" என்று அனுப்பவில்லை. ஏறக்குறைய இரண்டு மாத காலம் தங்க வைத்து, பல கருவிகளை மாற்றி மாற்றிப் பரீட்சை செய்து, உதடுகளைப் பார்த்துப் பேச்சை அறியவும், கருவி வழியாகக் கேட்கவும் தினந்தோறும் பாடம் நடத்தினார்கள். இளம் பிராயத்துச் சிப்பாய்க்கே இவ்வளவு பயிற்சி வேண்டியிருந்தது. நாமோ எழுபத்தைந்து வயதுப் பெரியவரின் காதில் கடையில் வாங்கிய கருவியைச் செருகிவிட்டு, மறுநாளே, "இவ்வளவு பணம் கொடுத்தும் இன்னும் ஏன் கேட்கவில்லை?" என்று கணக்குக் கேட்கிறோம்!

அந்த ஆஸ்பத்திரி வகுப்பை நம் வீட்டுக் கூடத்திலேயே நடத்தலாம். முதல் சில நாட்கள் அமைதியான அறை. எதிரே ஒரே ஓர் ஆள். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று ஆரம்பித்து, நாளுக்கு நாள் நேரத்தை வளர்த்துக்கொண்டு போகலாம். முதல் நாளிலிருந்தே விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும் என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆடியாலஜிஸ்ட் எதைச் சொல்கிறாரோ அதைப் பின்பற்றுங்கள். இரண்டு கட்சியாரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றுண்டு: ஒரு நாளும் தவறாமல் அணிய வேண்டும். கல்யாணத்துக்குப் போகும்போது மாத்திரம் அணிகிறேன் என்பது, நீந்தத் தெரியாதவன் ஆடிப் பெருக்கன்று காவிரியில் குதித்துப் பழகுகிறேன் என்பது போல. கல்யாண மண்டபம் காதுக் கருவிக்குக் கடைசிப் பரீட்சை, அரிச்சுவடி அல்ல.

தாத்தா இந்தப் பத்திரிகையை எடுத்துத் தாமே உரக்கப் படிக்கட்டும். அண்டாக் குரல் மெல்ல மெல்லச் சொந்தக் குரலாக மாறும். பிறகு பேத்தி படிக்கட்டும். தாத்தா இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு கண்ணால் தொடர்ந்து வரட்டும். கண் பார்க்கும் சொல்லையும் காது கேட்கும் ஒலியையும் மூளை அப்போது முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. சில நாள் கழித்துப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கலாம். காலைப் பத்திரிகையில் செய்திகளைப் படித்துவிட்டு அதே செய்திகளை ரேடியோவில் கேட்பதும் நல்ல அப்பியாசம். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் காதுக்குப் பாதி வேலை மிச்சம். பின்னர் இரண்டு பேரோடு சம்பாஷணை, அதன் பிறகு கூட்டமில்லாத நேரத்தில் கோயில், அதற்கும் பிறகு கடைத்தெரு. களைப்பாயிருந்தால் அரை மணி கழற்றி வைத்துவிட்டு மறுபடி அணியலாம். காதில் புண்ணோ வலியோ ஏற்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொருத்தியவரிடம் உடனே போக வேண்டும். இரண்டு காதும் மந்தமானால் பெரும்பாலும் இரண்டு கருவிகள் வேண்டியிருக்கும். எந்தத் திசையிலிருந்து அழைக்கிறார்கள் என்று அறியவும், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியவும் ஒற்றைக் காது போதாது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். "மெஷின் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் ஆடியாலஜிஸ்ட் என்ன செய்வார், பாவம்! "பாத்திரம் விழுந்தால் தாங்க முடியவில்லை, மருமகள் பேச்சு தெளிவாயிருக்கிறது, பேரன் பேச்சு புரியவில்லை, டெலிபோனில் கூவென்று விசில் அடிக்கிறது" என்று குறித்துக்கொண்டு போனால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திருத்தம் செய்வார். இன்றைய கருவிகள் கம்ப்யூட்டர் வைத்துத் திருத்தப்படுபவை. மெல்லிய ஓசையை அதிகமாகவும் பலத்த ஓசையைக் குறைவாகவும் பெருக்கும்படி அமைக்கக் கூடியவை. முதல் நாளே முழுச் சக்தியில் வைக்காமல் படிப்படியாக உயர்த்துவதும் வழக்கம். ஆகவே இரண்டு மூன்று முறை போய்வருவது கருவி கெட்டதற்கு அடையாளமல்ல, அதுவே முறை. இன்னொரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். தினம் எத்தனை மணி நேரம் அணியப்பட்டது என்பதை இந்தக் காலத்துக் கருவிகள் பல தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. "தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று பெரியவர் சாதித்தாலும் கருவி சாட்சி சொல்லிவிடும்!

வீட்டாருக்கும் பாடம் உண்டு. அதுதான் கஷ்டமான பாடம். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுக்காதீர்கள். அருகில் வந்து, பெயரையோ உறவையோ சொல்லி அழைத்து, முகம் பார்த்த பிறகு பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தும்போது உயிரெழுத்துத்தான் பெருக்கிறது. மெய்யெழுத்து அப்படியே நின்றுவிடுகிறது. அன்றியும், பழுதான காதுக்கு மெல்லிய ஓசை கேட்காது. பலத்த ஓசை நம்மைக் காட்டிலும் அதிகமாகவே வலிக்கும். சற்று நிதானமாகப் பேசினால் போதும். ஒரு வாக்கியம் விளங்கவில்லையானால் அதையே நாலு தடவை கூவாமல் வேறு சொற்களில் மாற்றிச் சொல்லுங்கள். டெலிவிஷனை அணைத்துவிட்டுப் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஒன்றுமில்லை, விடுங்கள் அப்பா" என்ற வாக்கியத்தை வீட்டை விட்டே விரட்டுங்கள். ஒருவர் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டு, "என்ன?" என்று கேட்கிறார்; "ஒன்றுமில்லை" என்று பதில் வருகிறது. அவர் இருக்கும்போதே அவர் இல்லாததுபோல் வீடு நடக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

இதிலே போவது வெறும் ஊர் வம்பு மட்டுந்தானா? அல்ல. காது மந்தமானவர்கள் மெல்ல மெல்ல மனிதர்களை விட்டு ஒதுங்குகிறார்கள். ஒதுங்கியவர்களை மனச்சோர்வு பிடித்துக்கொள்கிறது. மூளைத் தேய்வு நோயைப் பற்றி ஆராய்ந்துவரும் லான்ஸெட் குழுவினர் 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளில், நம்மால் மாற்றக் கூடிய காரணங்களின் வரிசையில் செவிக் குறைவையும் வைத்திருக்கிறார்கள். கருவி அணிந்தால் அந்த நோய் வராது என்று கடைக்காரர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரை மூன்று வருஷம் பரிசோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது, செவிச் சிகிச்சையினால் புத்தித் தேய்வில் குறிப்பிடத் தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே அபாயம் மிகுந்திருந்தவர்களைத் தனியே பார்த்தபோது தேய்வின் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவுதான் இதுவரை தெரிந்தது. இதுவே அலட்சியம் செய்யத் தக்கதல்ல.

நம் தேசத்தின் கணக்கு இன்னும் கவலை தருவது. 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கில் செவிக் குறைவு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 50 லட்சம் பேர். சர்க்காரின் செவிட்டுத் தன்மைத் தடுப்புத் திட்டம் எடுத்துக் காட்டும் மதிப்பீடோ சுமார் 6 கோடி 30 லட்சம். கணக்கெடுக்கும் முறைகள் வேறு என்பது வாஸ்தவமே. ஆயினும் இத்தனை பெரிய இடைவெளியில் எத்தனை தாத்தா பாட்டிகள், "எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் மறைந்தார்களோ! கருவியினால் பயனடையக் கூடியவர்களில் 17 சதவீதத்தினரே உலகத்தில் அதை உபயோகிக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

நம் சீதோஷ்ண நிலைக்கு ஏற்ற சில எச்சரிக்கைகள் அவசியம். மேல்நாட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எண்ணெய் ஸ்நானத்தைப் பற்றி எழுதியிருக்காது. குளிக்கும்போதும், தலைக்கு எண்ணெய் தடவும்போதும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். தலை நன்றாக உலர்ந்த பிறகே அணிய வேண்டும். வியர்வைதான் இதற்குப் பரம சத்துரு. இரவில் துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் ஸிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பியில் வைக்கவும். கருவி திடீரென்று ஊமையாகிவிட்டால் பத்தில் பல தடவை குற்றவாளி காதுக் குறும்பிதான். முனையைச் சுத்தம் செய்தால் பேசத் தொடங்கிவிடும். ஓயாமல் விசில் அடித்தால் முனை சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. மாற்றும் வகைப் பாட்டரியானால், மேலே ஒட்டிய சிறு காகிதத்தை உரித்து ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்த பிறகு போட வேண்டும். அது காற்றை உண்டு உயிர் வாழும் ஜாதி. உரித்த பாட்டரியைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால் தொண்டையும் உணவுக் குழாயும் வெந்துவிடும். ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்துக்கு மேலும் போகிறது. விலை உயர்ந்ததுதான் சிறந்தது என்பதில்லை. சரியாகப் பொருத்தப்பட்டு, தினமும் அணியப்படுவதே சிறந்தது. கையில் பணமில்லாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. 1972-ல் கான்பூரைத் தலைமை இடமாகக் கொண்டு நிறுவப்பட்ட அலிம்கோ என்ற சர்க்கார் ஸ்தாபனம் இத்தகைய சாதனங்களைத் தயாரித்து வழங்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கருவிகள் தரும் மத்திய சர்க்கார் திட்டம் 2017 முதல் இருக்கிறது. நம் மாகாணத்தில் ஜில்லா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 1965-ல் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவி ஆராய்ச்சி ஸ்தாபனம் நாட்டுக்கு ஆடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவித்து வருகிறது. பரிசோதனை இன்றிக் கடையிலோ தபாலிலோ வாங்கும் கருவி, பிறர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்குச் சமானம்.

கடைசியாக ஒரு வார்த்தை. வருஷக் கணக்கில் மெல்ல வரும் மந்தத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். காலையில் எழுந்தபோது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால், அது வேறு சமாசாரம். தானே சரியாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம், வெதுவெதுப்பான எண்ணெய் விடவும் வேண்டாம். அன்றைக்கே காது வைத்தியரிடம் போங்கள். முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் கேட்கும் சக்தி திரும்பும் வாய்ப்பு அதிகம்.